சலவைக்கூடப் படத்தில் இருந்த முகம்

ஐந்தாம் ஆல்பத்தின் பதினோராம் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

பட்டியல் மேடம் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். நூலகத்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதியதில், சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. நகராட்சி மாடியில் பூட்டிக் கிடந்த ஊரின் பழைய புகைப்பட ஆல்பங்கள் ஒன்பதும், கூரை ஒழுகுகிறது என்று நூலகத்துக்கு வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொரு படத்தையும் தூசி தட்டி, பின்னால் பென்சிலில் எண் போட்டு, நடுவே மெல்லிய தாள் வைத்துப் பெட்டியில் அடுக்குவது இரண்டு மாதமாக அவள் வேலை. நான்கு ஆல்பங்கள் சத்தமில்லாமல் முடிந்தன. பாலங்கள், பள்ளிக்கூடங்கள், தொப்பி போட்ட பெரிய மனிதர்கள். ஐந்தாவதில்தான் இப்படி.

படம் பொது மருத்துவமனையின் திறப்பு விழா. படியில் இரண்டு வரிசையாக நர்சுகள். பின்வரிசையில் வலமிருந்து மூன்றாவதாக அம்மா. பத்தொன்பது இருபது வயது இருக்கும். அந்த அகன்ற நெற்றி, சற்றே மேலேறிய இடப்புருவம், யாரோ திட்டியதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இறுக்கி மூடிய வாய். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

கீழே எழுதியிருந்த வருடத்தைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது.

யாரோ சாடையில் ஒத்த பெண் என்று பக்கத்தைப் புரட்டினாள். பதினேழாம் பக்கம் நகராட்சிச் சலவைக்கூடம். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். நடுவில் அம்மா. பக்கத்தில் நிற்கிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அம்மா மட்டும் அதே இறுகிய வாயோடு. இருபத்திநாலாம் பக்கம் படகுத்துறை. கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அம்மா. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே பதினாறு வருடம். அம்மாவுக்கு மட்டும் வயதே ஏறவில்லை.

அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. மூன்று படங்களையும் கைபேசியில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

புருஷன் ரயில்வேயில் சிக்னல் மெக்கானிக். பச்சையா சிவப்பா என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற ஆள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அத்தைதான்," என்றார்.

"வருஷத்தைப் பாருங்க."

பார்த்தார். "அத்தை இல்ல," என்றார். கொஞ்சம் யோசித்து, "அத்தையோட அம்மாவா இருக்கும்."

"அவங்க இந்த ஊர் எல்லையையே மிதிச்சதில்லைங்க."

"அப்ப எனக்குத் தெரியாது. நீயே கேளு." கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மா பின்னறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயதிலும் மூலைக்கு மூலை சரியாக வைத்து மடிப்பாள். மகள் நீட்டிய மூன்று படங்களையும் ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

"நான் இல்ல."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரும்மா."

"கண்ணாடி எதுக்கு? அந்த ஆஸ்பத்திரிப் படியில நான் நின்னதே இல்ல. சலவைக்கூடத்துப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்ல. போதுமா?"

"சலவைக்கூடம்னு நான் சொல்லவே இல்லையே. அந்தப் படத்துல போர்டுகூடத் தெரியல."

அம்மா மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "ஏப்ரன் கட்டியிருக்காங்கல்ல. வேற எங்க கட்டுவாங்க?" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒரு தடவை வாயை மூடினால் கடப்பாறை போட்டாலும் திறக்காது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்கடுத்த வாரம் குழப்பம் வீட்டை விட்டு வெளியே வந்தது.

படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டச் சொல்லி, தலைமை நூலகர் வாசிப்பறையில் படங்களின் நகல்களை நீள மேசைகளில் பரப்பச் செய்திருந்தார். அவர் எதையும் தீர்மானமாகச் சொல்லிவிட மாட்டார். மழை பெய்துகொண்டிருக்கும்போது கேட்டால்கூட, "பெய்யுது போலத்தான் இருக்கு," என்பார். வந்தவர்கள் படத்துக்குக் கீழே ஒரு சீட்டில் எழுதிவைக்க வேண்டும்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். நேராக மருத்துவமனைப் படத்துக்குப் போனார்.

"வலமிருந்து மூணாவது எங்க பெரியம்மா. ஊரோட முதல் செட் நர்ஸ். இந்தப் படத்தைப் பத்திக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் நர்ஸ் ஆனேன். எங்க வீட்டுல குழந்தைகூடச் சொல்லும், வலமிருந்து மூணாவதுன்னு."

"முகம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"எனக்கு அஞ்சு வயசுல அவங்க வெளியூர் போயிட்டாங்க, அப்புறம் பார்க்கல. ஏம்மா, முகத்தைப் பார்த்தாத் தெரியலையா? எங்க வீட்டுப் புருவம்!" தன் புருவத்தையே தூக்கிக் காட்டினார்.

அவர் கிளம்பிய அரைமணி நேரத்தில், கடைவீதித் தையற்காரர் வந்தார். அறுபதைத் தொடும் வயது, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையாக மெதுவாக நகர்ந்து வந்தவர் சலவைக்கூடப் படத்தின் முன் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், இது எங்கம்மா."

அவர் விரல் இருந்தது நடுவில் நின்ற பெண்மேல்.

"எனக்கு நாலு வயசுல போயிட்டாங்க. வீட்டுல ஒரு படம்கூடக் கிடையாது. முகமே ஞாபகமில்ல. இதுவரைக்கும் முகமில்லாம ஒரு ஏப்ரன்தான் ஞாபகத்துல இருந்துச்சு." அவர் விரலை எடுக்கவில்லை. "இதுதானா அவங்க முகம்?"

அவள் தலையை ஆட்டியதாகவும் இல்லை, ஆட்டாததாகவும் இல்லை. அவர் ஒரு நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். நெஞ்சுப் பையில் வைத்தால் மடங்கிவிடும் என்று, இரண்டு கையிலும் தட்டுபோல ஏந்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் தலைமை நூலகரிடம் மூன்று படங்களையும் வரிசையாக வைத்தாள்.

"சார், இவங்க நர்சுக்குப் பெரியம்மா. தையற்காரருக்கு அம்மா. எனக்கும் அம்மா."

அவர் வெகுநேரம் பார்த்தார். "மூணு பேரும் சொந்தக்காரங்களா இருக்குமோ?" என்றார். பிறகு அவரே, "இருக்காது போலத்தான் இருக்கு," என்றார்.

மறுநாள் காலை அவள் முதல் வேலையாக அசல் படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அதுவரை தூசி தட்டிய கண்ணால்தான் பார்த்திருந்தாள். இப்போது உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து முகம் முகமாகப் போனாள். சலவைக்கூடத்தில் வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறது, எல்லார் மூக்கின் நிழலும் வலது கன்னத்தில். அம்மாவின் மூக்கு நிழல் மட்டும் இடது கன்னத்தில். சூரியன் அவளுக்கென்று தனியாக மறுபக்கம் உதித்ததுபோல.

மேசை விளக்கைச் சாய்த்து, வெளிச்சம் படத்தின்மேல் பக்கவாட்டில் படும்படி வைத்தாள். அம்மாவின் முகத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு விளிம்பு தெரிந்தது. நகத்தின் நுனியால் தொட்டாள். மேடு. ஒட்டிய முகம். தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கி, ஓரத்தைச் சாம்பல் வண்ணத்தால் தடவி, அடியிலிருப்பதோடு கலந்துவிட்டிருந்தார்கள். திறமை என்றால் அப்படியொரு திறமை.

ஐந்தாம் ஆல்பம் முழுக்க விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அம்மா மொத்தம் பதினோரு இடத்தில் ஒட்டப்பட்டிருந்தாள். ஆண்களிலும் ஒட்டு முகங்கள் இருந்தன, ஒன்பது. அவையும் ஒரே ஆள்தான். மீசை மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

தெளிவு வந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு முடிச்சு அவிழ்ந்த இடத்தில் நாலு முடிச்சு விழுந்தது. யார் ஒட்டினார்கள்? எதற்கு? அம்மா முகம் எப்படி இவர்கள் கையில் கிடைத்தது?

அன்று வீட்டுக்குப் போனதும் பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, உன் முகத்தை யாரும்மா வெட்டினது?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான்தான்டி," என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கல்யாணத்துக்கு முன்பு எட்டு மாதம் அம்மா இந்த ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, கடைவீதிப் புகைப்பட ஸ்டூடியோவில் வேலை பார்த்திருக்கிறாள். படங்களில் பருவை மறைப்பது, கலைந்த முடியைச் சரிசெய்வது, மூடிய கண்ணைத் திறந்து வைப்பது. அந்த வருடம் ஆற்று வெள்ளம் ஸ்டூடியோவுக்குள் இடுப்பளவு புகுந்தது. நகராட்சி தன் பொன்விழாவுக்காக ஆல்பம் தயாரிக்கக் கொடுத்திருந்த பழைய படங்கள் ஒரு பெட்டி நிறைய ஊறிப்போயின. கட்டிடமெல்லாம் தப்பித்தது, சில முகங்கள் மட்டும் கரைந்து பழுப்பாகிவிட்டன. விழாவுக்கு இருபது நாள்.

"போட்டோக்காரர் ஒரு நாள் பூரா தலையில கைவச்சு உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் என்னை ஸ்டூலில் உட்கார வச்சு, இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாருன்னு ஒரு டஜன் படம் எடுத்தாரு. பொம்பளைங்களுக்கு நான். ஆம்பளைங்களுக்கு அவர் மச்சான். பிளேடால வெட்டி, உப்புத்தாள்ல தேச்சு, மைதாப் பசை போட்டு ஒட்டினது பூரா நான்தான்."

"அது தப்புன்னு தோணலையாம்மா?"

"வேலை செய்யும்போது எங்க தோணுச்சு? அழகா உட்காருதான்னு மட்டும்தான் பார்த்தேன்." அம்மா தன் விரல்களையே பார்த்தாள். "விழாவுல ஆல்பத்தை மேசையில வச்சிருந்தாங்க. ஒரு பெரியவர் வந்து படகுத்துறைப் படத்தை, அதான் என் மூஞ்சியை, விரலால தடவித் தடவிப் பார்த்தாரு. 'என் பொண்ணு'ன்னு பக்கத்துல நிக்கிறவங்ககிட்டக் காட்டினாரு. நானும் பக்கத்துலதான் நிக்கிறேன்! என்னைத் திரும்பிப் பார்த்தாரு, அப்பவும் அவருக்குத் தெரியல. மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. உங்கப்பாகிட்டக்கூட."

மகளுக்குக் கோபம் வர வேண்டும் போல இருந்தது, வரவில்லை. சிரிப்பு வர வேண்டும் போலவும் இருந்தது, அதுவும் வரவில்லை. ஊரின் சரித்திரத்தில் பதினோரு இடத்தில் பொய்யாக நிற்கிற பெண் தன் வீட்டில் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறாள். நர்சும் தையற்காரரும் வந்துபோனதை அம்மாவிடம் சொன்னாள். இனி அவர்களிடம் போய் என்னவென்று சொல்வது? சொல்லாமல் விட்டால் பட்டியலில் என்னவென்று எழுதுவது? புருஷன் மட்டும், "அப்ப அத்தைதான்னு நான் முதல்ல சொன்னது சரிதானே?" என்றார்.

"சும்மா இருங்க மாப்பிள்ளை," என்றாள் அம்மா. பிறகு மகளைப் பார்த்தாள். "அந்தத் தையற்காரர் கடை எங்க இருக்கு?"

மறுநாள் மதியம் இருவரும் போனார்கள். கடை ஒரு ஆள் குறுக்கே படுக்கிற அகலம்தான். இயந்திரத்துக்கு மேலே, கண்ணுக்கு நேராக, சலவைக்கூட நகல் சட்டத்துக்குள் இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தையற்காரர் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

"தம்பி, என் மூஞ்சியை நல்லாப் பாருங்க. அப்புறம் அந்தப் படத்தைப் பாருங்க."

அவர் இரண்டையும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "நீங்க… எங்கம்மாவுக்குத் தங்கச்சி முறையா?"

அம்மா சொன்னாள். பூசி மெழுகவில்லை. வெள்ளம், பிளேடு, பசை, எல்லாம். தையற்காரர் கையிலிருந்த சட்டைக் காலரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப அது எங்கம்மா இல்லையா?" என்றார் கடைசியில்.

பட்டியல் மேடம் தயங்கிக் கேட்டாள். "முகமே ஞாபகமில்லைன்னு சொன்னீங்களே. எதை வச்சு அம்மான்னு கண்டுபிடிச்சீங்க?"

"பையை வச்சுத்தான்." அவர் எழுந்து சட்டத்தில் விரலை வைத்தார். "மத்தவங்க எல்லாருக்கும் ஏப்ரன் பை வலது பக்கம். இவங்களுக்கு மட்டும் இடது. எங்கம்மாவுக்கு இடது கைப்பழக்கம், பையைப் பிரிச்சு மாத்தித் தச்சுக்கிட்டாங்க. அதுக்குள்ள கையை விட்டுத்தான் நான் நடப்பேன். சலவைக்கூடத்துல வேற யாரும் அப்படிக் கட்டலைன்னு எங்கப்பா சொல்வாரு."

"அப்ப அது உங்கம்மாதான் தம்பி," என்றாள் அம்மா வேகமாக. "கழுத்துக்குக் கீழ நான் தொடவே இல்ல. சத்தியமா."

அவர் முகத்தில் நிம்மதி வந்து, வந்த வழியே திரும்பியது. "கழுத்துக்கு மேல?"

"பாதி கரைஞ்சுபோச்சு. மிச்சம் அடியிலதான் இருக்கு."

இயந்திரத்தின் சக்கரத்தை அவர் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார். "எடுத்துப் பார்க்க முடியுமா மேடம்?"

முடியுமா என்பது அவளுக்கே உறுதியில்லை. மைதாப் பசை ஈரத்துக்கு இளகும், ஆனால் படத்தின் மேல்பூச்சும் ஈரத்துக்கு ஊறும். கை பிசகினால் உள்ளதும் போய்விடும். தலைமை நூலகர் கோப்பைப் படித்துவிட்டு, 'அனுமதிக்கலாம் போல் தோன்றுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, வாசிப்பறைக்குப் பின்னாலிருந்த வேலையறையில் நால்வரும் கூடினார்கள். முதலில் பட்டியல் மேடம் படத்தை இருக்கிறபடியே பெரிய அளவில் நகலெடுத்து வைத்தாள். பிறகு மையொற்றுத் தாளில் விரல்நகம் அளவுக்கு வெட்டி, நனைத்துப் பிழிந்து, ஒட்டிய முகத்தின்மேல் வைத்தாள். ஐந்து நிமிடம். ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் ஐந்து நிமிடம். தலைமை நூலகர் மூச்சைப் பிடித்துக்கொண்டதில் இருமல் வந்து வெளியே ஓடினார்.

"தாடைப் பக்கம் ஆரம்பி," என்றாள் அம்மா காதருகில். "அங்கதான் பசை குறைச்சலாத் தடவினேன்."

மெல்லிய தகட்டை நுழைத்தாள். தாடை எழும்பியது. அரிசி அரிசியாக நகர்த்தி, கன்னம், மூக்கு, நெற்றி. அம்மாவின் பத்தொன்பது வயது முகம் முழுசாகக் கழன்று தகட்டோடு வந்தது.

அடியில் நெற்றியும் கண்களும் இல்லை. அங்கே தேநீர் கொட்டிய மாதிரி ஒரு பழுப்புக் கறை. மூக்கின் நுனியிலிருந்து கீழே மட்டும் பளிச்சென்று இருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. பற்கள் தெரிந்தன. முன்பல் ஒன்று கொஞ்சம் குறுக்கே.

சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இவள் சொன்ன ஏதோவொன்று என்பது பார்த்த உடனே தெரிந்தது.

தையற்காரர் உருப்பெருக்கியை வாங்கிக் குனிந்தார். நிமிர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"சிரிக்கிறாங்களா?"

"சிரிக்கத்தான் செய்யறாங்க," என்றாள் அம்மா.

"எங்கப்பா சாகுற வரைக்கும் சொன்னாரு, உங்கம்மா வீட்டுல ஒரு நாள்கூடச் சிரிச்சதில்லைன்னு." அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "நீங்க ஒட்டும்போது இதைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். பாதி மூஞ்சி இல்லாம வாய் மட்டும் சிரிச்சா பார்க்கிறவங்க பயந்துடுவாங்கன்னு போட்டோக்காரர் சொன்னாரு. மூடிட்டேன் தம்பி."

அவர் கறை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தார். வாயை மட்டும் பார்த்தார். விரலை எடுத்தார். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்கே பிடிபடவில்லை என்பது தெரிந்தது. வீட்டில் சிரிக்காத பெண் சலவைக்கூட வாசலில் ஏன் இப்படிச் சிரித்தாள்? வீட்டில் ஏன் சிரிக்கவில்லை? கேட்பதற்கு அப்பாவும் இல்லை.

"ரெண்டு நகலும் குடுங்க மேடம்," என்றார் போகும்போது. "பத்து நாளா அந்த முகத்தைத்தான் அம்மான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். பழகிட்டேன். அதையும் தூக்கிப் போட மனசு வரல." அம்மாவைப் பார்த்து, கோபமா சிநேகமா என்று சொல்ல முடியாத குரலில், "சட்டை ஏதாவது தைக்கணும்னா வாங்கம்மா," என்றார்.

நர்சிடமும் சொன்னார்கள். அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "பெரியம்மா படத்துல யாரும் கை வைக்கக் கூடாது. அது எங்க வீட்டுப் புருவம். உங்கம்மாவுக்கு அது எப்படி வந்துச்சுன்னு வேணா விசாரிங்க." அந்தப் படம் ஒட்டியது ஒட்டியபடியே பெட்டிக்குள் போனது. அம்மா நிற்கிற மற்ற ஒன்பது இடங்களுக்கும் உரிமை கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா தினமும் நூலகத்துக்கு வந்து, எந்தப் படத்தில் எதை ஒட்டினாள், அடியில் என்ன பார்த்தாள் என்று சொல்லச் சொல்ல, மகள் எழுதினாள். சில அம்மாவுக்கு நினைவிருந்தன, சில இல்லை. ஒரு படத்தில் மட்டும், "இது நான்தானா, நிஜமாவே என்னை மாதிரி ஒருத்தியா?" என்று உருப்பெருக்கியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். விளிம்பு இருந்தது. அவளேதான்.

கடைசி நாள், கழற்றிய அந்தச் சின்ன முகத்தைத் தாளுறையில் போட்டு எண் எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா கேட்டாள்.

"என் பேரை எங்கடி எழுதுவ? படத்துல இருக்கிறவங்கன்னா, படம் சரிபண்ணினவங்கன்னா?"

பட்டியல் மேடம் பதிவேட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

"ரெண்டுலயும் எழுதறேன். நீயே சரிபாரு," என்றாள்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்தாள்.